விற்றுவிட்ட சிற்பத்தின் மேல் சிற்பிக்கு இன்னும் உரிமை உண்டா?

நீங்களும் எதையோ செய்து விற்றுவிட்டு, வாங்கியவர் அதைப் பாழாக்குவதைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே காயம்தான்.

பழைய பைக் செயின், பல்சக்கரம் எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்து ஆறடி உயரத்தில் ஒரு கொக்கு செய்திருந்தேன். ஒரு ஹோட்டலில் வாங்கினார்கள். அந்தத் துரு நிறம்தான் அதன் உயிர். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் முழுக்கத் தங்கப் பெயின்ட், கழுத்தில் சீரியல் பல்பு, வருகிறவர்கள் மேல் இடிக்கிறது என்று ஒரு சிறகையே அறுத்து எடுத்திருந்தார்கள். கேட்டதற்கு, "காசு வாங்கிட்டீங்கல்ல சார்" என்றார் மேலாளர். வாயடைத்துப் போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் 2019இல், லண்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் டாக்கிஸ் என்ற கிரேக்கச் சிற்பியின் கண்காட்சி பார்த்தேன். 1925இல் ஏதென்ஸில் பிறந்து, சிற்பத்தைத் தானே கற்றுக்கொண்டு, 1954இல் பாரிஸுக்குப் போனவர். பிரான்சின் கலே ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது கண்ட சிக்னல்களில் இருந்துதான் அவருடைய 'சிக்னல்' சிற்பங்கள் பிறந்தன. பிறகு காந்தத்துக்கு வந்தார். கம்பியில் கட்டிய இரும்பு காந்தத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மின்காந்தம் ஊசியை இழுக்க, அது தந்திக் கம்பியில் பட்டு ஒலி எழும். இதைப் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி என்று சொன்னவர்களை நேரிலேயே பார்த்தேன், பக்கத்தில் இரண்டு நிமிஷம் சும்மா நிற்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. அந்தக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டில், அவர் இறந்துபோனார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இயந்திரங்களைப் பற்றிய ஒரு கண்காட்சியில் அவருடைய 1960ஆம் வருஷத்துச் சிற்பத்தை, அவர் சம்மதம் இல்லாமலே வைத்தது. 1969 ஜனவரி 3 அன்று நண்பர்களோடு போய், அதைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். கண்காட்சியிலிருந்து விலக்குகிறோம் என்று உறுதி கொடுத்த பிறகுதான் எழுந்தார். அதிலிருந்துதான் கலைத் தொழிலாளர் கூட்டணி என்ற கலைஞர்களின் அமைப்பு உருவானது. படைப்பு எப்படிக் காட்டப்பட வேண்டும் என்பதில் கலைஞனுக்குப் பேச்சு வேண்டும், அருங்காட்சியகத்துக்குள் நுழையக் கட்டணம் இருக்கக் கூடாது என்றெல்லாம் அவர்கள் கேட்டார்கள்.

அது அருங்காட்சியகத்தின் சொத்துதானே என்று சண்டைக்கு வராதீர்கள். எனக்கும் தெரியும், உள்ளே புகுந்து தூக்கி வாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு இருக்கிறது. விற்ற பிறகும் படைப்பைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் கேடு செய்தால் வழக்குப் போடலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கொக்கின் படங்கள், பில், அளவுகள் எல்லாம் இப்போது ஒரு ஃபைலில் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.