ஷகீராவின் ஆல்பங்களில் முதலிடம் எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் கொலம்பியப் பாடகி ஷகீராவின் ஆல்பங்களை என் ரசனைப்படி வரிசைப்படுத்தியிருந்தேன். 1998-ல் வந்த ‘தோந்தே எஸ்தான் லோஸ் லத்ரோனெஸ்?’ (திருடர்கள் எங்கே?) முதலிடம். 2005-ன் ‘ஃபிஹாசியோன் ஓரால்’ முதல் தொகுதி அடுத்தது. மூன்றாவது, 1995-ன் ‘பியேஸ் தெஸ்கால்சோஸ்’. உலகம் முழுக்க அவரைக் கொண்டுபோன ‘லாண்டரி சர்வீஸ்’ நான்காவது. இந்த நான்காவது இடத்துக்காகத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஒரு கோடிக்கு மேல் விற்ற ‘லாண்டரி சர்வீஸ்’ நான்காவதா? எந்த அளவுகோலை வைத்து இப்படி எழுதினீர்கள்?
— வாசகர், கோவை

விற்பனையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் பார்த்தது பாட்டின் வார்த்தைகளை. ஷகீராவை நடனக்காரியாகத்தான் பெரும்பாலானவர்கள் அறிமுகம் செய்துகொண்டார்கள். எனக்கு அவர் முதலில் பாட்டெழுதுகிறவர். எட்டு வயதிலேயே எழுதியவர். அவருடைய அண்ணன் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகு அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டே நடமாடினார். அந்தக் கண்ணாடியைப் பற்றியதுதான் குழந்தை எழுதிய முதல் பாட்டு.

எனக்கு ஸ்பானிஷ் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1999-ல் சரக்குக் கப்பலில் நான்காம் இன்ஜினியராக இருந்தேன். இரவு 8 முதல் 12 வரை என் வாட்ச், அதாவது பணி முறை. என்னோடு ஆயிலராக, அதாவது இயந்திர அறை உதவியாளராக, இருந்தவர் கொலம்பியாவின் பாரன்கீயா ஊர்க்காரர். ஷகீரா பிறந்த அதே ஊர். கார்த்தஹேனா துறைமுகத்தில் நின்றபோது நடைபாதைக் கடையில் ‘லத்ரோனெஸ்’ கேசட் ஒன்றை வாங்கி என் கையில் வைத்தார். வாட்ச் முடிந்து கை கழுவிவிட்டு மெஸ் ரூமில் உட்கார்ந்து அதைப் போடுவோம். ஒரு வரி ஓடியதும் நிறுத்துவார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொருள் சொல்வார். லாக்புக்கில் கிழித்த தாளில் நான் தமிழில் எழுதிக்கொள்வேன். பதினோரு பாட்டு முடிய மூன்று வாரம் ஆனது.

அதில் ‘இனேவிதாப்லே’ என்ற பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? உண்மையை ஒப்புக்கொள்ளச் சொன்னால், எனக்குக் காப்பி போடத் தெரியாது, கால்பந்து புரியாது என்கிறாள் அந்தப் பெண். பிரிந்துபோனவனிடம் பேசுகிற பாட்டு அது. நீ இல்லாமல் வாழ முடியாது என்று எடுத்த எடுப்பில் கதறவில்லை. காப்பி விளையும் நாட்டில் காப்பி போடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிறாள். அப்புறம்தான் அழுகை வருகிறது. அந்த இடத்தில் ஆயிலர் டேப்பை நிறுத்தவே இல்லை. எனக்கும் பொருள் தேவைப்படவில்லை.

சரி, ‘லாண்டரி சர்வீஸ்’ பக்கம் வருவோம். 2001-ல் அது வந்தபோது ஷகீராவுக்கு 24 வயது. அதற்குச் சற்று முன்புதான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதப் பழகியிருந்தார். பாடகி குளோரியா எஸ்தேஃபான் கைகொடுத்தார். ஆண்டீஸ் மலைப்பகுதியின் சரங்கோ என்ற சிறு தந்திக் கருவியும் குழலும் ராக் கிதாரோடு சேர்ந்து வந்த ‘வெனவர், வேரவர்’ இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கிறது. அதன் ஸ்பானிஷ் வடிவம் ‘சுவெர்தே’. அதில் நீ தெற்கே பிறந்தது அதிர்ஷ்டம், நாம் தூரத்தை ‘புர்லார்’ செய்கிறோம் என்று ஒரு வரி வரும். ‘புர்லார்’ என்றால் கேலி செய்வது; ஏய்த்துவிட்டு நழுவுவதும் அதே சொல்தான். தமிழில் சொன்னால், தூரத்துக்கு டிமிக்கி கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் அது தூரத்தைக் கேலி செய்கிறோம் என்று மட்டும் ஆகிவிட்டது. பாதிப் பொருள் கரையிலேயே நின்றுவிட்டது. ஆல்பம் முழுக்க இப்படிப் பல இடங்கள். இன்னொரு மொழியில் போய் இவ்வளவு தைரியமாக எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் தாய்மொழியில் அவர் கட்டிய வீட்டைப் பார்த்தவன் நான்.

திருடர்கள் எங்கே என்று ஓர் ஆல்பத்துக்கு ஏன் பெயர் வைத்தார்?
— வாசகி, தூத்துக்குடி

பொகோட்டா விமான நிலையத்தில் அவருடைய பெட்டி திருடுபோனது. அடுத்த ஆல்பத்துக்காக எழுதி வைத்திருந்த பாட்டுகள் அதற்குள் இருந்தன. திரும்பக் கிடைக்கவில்லை. புதிதாக எழுதினார். தலைப்புப் பாட்டில் திருடர்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே போகிறவர், ஓர் இடத்தில், அது நானாக இருந்தால் என்ன செய்வது, இந்தப் பாட்டைப் பாடுகிறவளாகவே இருந்தால், என்று தன் பக்கம் திரும்பிவிடுகிறார். கேசட் அட்டையில் ஷகீரா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். இரண்டிலும் கறை. பாட்டின் அந்த வரி புரிந்த பிறகுதான் அந்தக் கைகள் எனக்குப் புரிந்தன.

‘ஒக்தாவோ தியா’வையும் இங்கே சொல்லியாக வேண்டும். உலகத்தைப் படைத்துவிட்டு எட்டாம் நாள் கடவுள் விண்வெளியில் உலாவப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் குட்டிச்சுவர். இதை எழுதியபோது ஷகீராவுக்கு 21 வயதுதான். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸை இங்கே தமிழில் படிக்கிறோம் அல்லவா, ஷகீராவைப் போலவே கொலம்பியாவின் கரீபியப் பகுதிக்காரர் அவர். 1999-ல் ஷகீராவைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

இரண்டாமிடத்துக்கு ‘ஃபிஹாசியோன் ஓரால்’ என்ன செய்தது? அதே ஆண்டு வந்த ஆங்கிலத் தொகுதியை ஒன்பதாவதாகப் போட்டிருக்கிறீர்களே.
— வாசகர், மதுரை

உலகப் புகழ் வந்த பிறகு ஆங்கிலத்திலேயே தொடர்ந்திருக்கலாம். அவர் முதலில் முழு ஸ்பானிஷ் ஆல்பத்தை வெளியிட்டார். ஆங்கிலத் தொகுதி சில மாதம் காத்திருந்தது. அலெஹாந்த்ரோ சான்ஸோடு பாடிய ‘லா தோர்தூரா’ அமெரிக்காவின் லத்தீன் பாட்டுப் பட்டியலில் 25 வாரம் முதலிடத்தில் இருந்தது. துரோகம் செய்தவன் திரும்பி வந்து கெஞ்சுகிறான். மனிதன் ரொட்டியால் மாத்திரம் வாழ்வதில்லை, நான் சாக்குப்போக்குகளால் வாழ்வதில்லை என்கிறாள். அப்புறம், அந்த எலும்பை வேறு நாய்க்குப் போடு என்று ஒரு ஸ்பானிஷ் சொலவடை. நம் ஊரில் இந்தக் கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது சொல்லு என்போமே, அதேதான். வீட்டு வாசலில் நின்று சண்டை போடுகிற மொழி அது. இப்படிப்பட்ட வரி அகராதியைப் பார்த்து வராது.

அர்ஜென்டினாவின் ராக் பாடகர் குஸ்தாவோ செராத்தி இரண்டு பாட்டுகளில் கூட இருக்கிறார். அதில் ‘நோ’ என்ற பாட்டை இரவில் மட்டும் கேளுங்கள்.

ஆங்கிலத் தொகுதியில் கடவுளை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற முதல் பாட்டு நன்றாகவே இருக்கும். மற்றவை மனதில் தங்கவில்லை. ‘ஹிப்ஸ் டோன்ட் லை’ 2006-ல் அந்த ஆல்பத்தின் மறுவெளியீட்டில் சேர்ந்தது. அமெரிக்கப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த முதல் முதலிடம் அதுதான். பாட்டு பெரிய பாட்டு. அதற்காக ஆல்பத்தை மேலே ஏற்ற என் மனம் ஒப்பவில்லை.

அவருடைய குரல் ஆடு கத்துவதுபோல இருக்கிறது. 2020-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி மேடையில் நாக்கை ஆட்டிக் கத்தியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இதை எப்படி ரசிக்கிறீர்கள்?
— வாசகர், சேலம்

பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாரும் ஆடு என்றுதான் சொன்னாராம், குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நடுக்கம்தான் அவருடைய கையெழுத்து. அதை நேராக்கிவிட்டால் வேறு யாரோ பாடுவதுபோல இருக்கும்.

மேடையில் அவர் செய்தது குலவை. உங்கள் பாட்டி கல்யாணத்திலும் நாற்று நடும்போதும் போட்டது. அரபு நாடுகளில் கல்யாண வீட்டில் பெண்கள் போடுவார்கள். அவருடைய அப்பா வழியினர் லெபனானிலிருந்து வந்தவர்கள். துருக்கிய ஒட்டோமான் பேரரசின் பயணத் தாள்களோடு வந்ததால் அப்படி வந்த அரபு மக்களைக் கொலம்பியாவில் ‘துர்க்கோ’ (துருக்கியர்) என்றே கூப்பிடுவார்கள். என் ஆயிலர் சொல்வார், அவர் தெருவில் மூன்று வீடு துர்க்கோ வீடு, வடைபோலச் செய்கிற கிப்பே அங்கிருந்துதான் எங்கள் சாப்பாட்டுக்கு வந்தது என்று. ‘லத்ரோனெஸ்’ கடைசிப் பாட்டான ‘ஓஹோஸ் ஆசீ’யில் ஒரு பகுதியை அரபியிலேயே பாடுகிறார். பஹ்ரைனிலிருந்து பெய்ரூட் வரை போனேன், வடக்கிலிருந்து தென்துருவம் வரை போனேன், இப்படிப்பட்ட கண்களைப் பார்க்கவில்லை என்பது அதன் ஸ்பானிஷ் வரிகளின் பொருள். குலவை தெரிந்த நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

2024-ல் வந்த புது ஆல்பம்?
— வாசகி, நாகர்கோவில்

ஐந்தாமிடம் கொடுத்திருக்கிறேன். ‘லாஸ் முஹேரெஸ் யா நோ யோரான்’, பெண்கள் இனி அழுவதில்லை என்று பொருள். பெரும்பாலும் கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கேயைப் பிரிந்த பிறகு எழுதியவை. தலைப்பு 2023-ல் அர்ஜென்டினாவின் இசைத் தயாரிப்பாளர் பிசாராப்போடு பாடிய பாட்டிலிருந்து வந்தது. அங்கே அடுத்த சொல் ‘ஃபாக்துரான்’. கடைக்காரர் பில் போடுவதற்கு உள்ள சொல். பெண்கள் இனி அழுவதில்லை, பில் போடுகிறார்கள். பழைய ஷகீரா இந்த ஒரு வினைச்சொல்லில் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார். மகன்கள் இருவருக்கும் எழுதிய ‘அக்ரோஸ்திகோ’வில் வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் பிள்ளைகளின் பெயர் வரும். ஆனால் ஆல்பம் வருவதற்குள் பாதிப் பாட்டுகள் தனித்தனியாக வெளியாகிவிட்டன. சேர்த்து வைத்துக் கேட்டால் ஒரே வீடாக நிற்கவில்லை.

‘வாகா வாகா’ எந்த ஆல்பத்தில் இருக்கிறது? முதல் இரண்டு ஆல்பங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?
— வாசகர், புதுச்சேரி

2010-ன் ‘சாலே எல் சோல்’ ஆல்பத்தில் கூடுதல் பாட்டாக. கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986-ல் பாடியதுதான் அதற்கு அடிப்படை. அந்த ஆல்பத்துக்கு ஆறாமிடம் கொடுத்தேன். மெரெங்கே தாளப் பாட்டுகளுக்காக இன்னும் ஒரு படி ஏற்றியிருக்கலாமோ என்று இப்போது படுகிறது.

1991-ன் ‘மாகியா’வும் 1993-ன் ‘பெலிக்ரோ’வும் பள்ளி வயதுப் பிள்ளையின் ஆல்பங்கள். இரண்டும் விற்கவில்லை. அவற்றை வரிசையில் நிறுத்தி மார்க் போடுவது நியாயமாகப் படவில்லை.

ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. எங்கே தொடங்கலாம்?
— வாசகி, திண்டுக்கல்

‘ஓஹோஸ் ஆசீ’யில் தொடங்குங்கள் அம்மா, அதற்கு மொழி தேவையில்லை. அடுத்து ‘பியேஸ் தெஸ்கால்சோஸ்’ ஆல்பத்திலிருந்து ‘அந்தோலோஹியா’. மூன்றாவது ‘இனேவிதாப்லே’. அதற்கு மட்டும் வரிகளை ஒரு தாளில் எழுதி, கீழே பொருளையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். இரண்டாம் நாள் நிறுத்தாமல் கேளுங்கள்.