றக்பி பார்த்தால் ஒன்றும் விளங்குவதில்லை. உதைபந்தாட்டம் மட்டும் தெரிந்தவர் எங்கிருந்து தொடங்கலாம்?

நானும் யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் பார்த்தே வளர்ந்தவன். பேராதனையில் படிக்கும்போது கண்டி நண்பன் ஒருவன் நித்தவலை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். முதல் இருபது நிமிடமும் ஆளை ஆள் இழுத்து விழுத்துவதுதான் தெரிந்தது. அப்போது அவன் சொன்னான்: "மச்சான், பந்து வைத்திருக்கிறவனை விடு. அவனுக்குப் பின்னால் ஓடி வருகிறவர்களைப் பார்."

அந்த ஒரு பேச்சில் ஆட்டம் எனக்குத் திறந்தது. றக்பியில் கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது; பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமென்றால் பந்தோடு ஓட வேண்டும், இல்லையென்றால் உதைக்க வேண்டும். அதனால் பந்துக்காரனுக்குத் துணை எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். அவன் பிடிபட்டு விழுந்தால் பந்தை விட்டுவிட வேண்டும். உடனே இரண்டு பக்கத்தாரும் நின்றபடி அதற்கு மேலே ஒருவரையொருவர் தள்ளுவார்கள். நமக்குக் குவியலாகத் தெரிவது இந்த 'ரக்' தான்.

பக்கத்துக்கு 15 பேர், 40 நிமிடமாக இரண்டு பாதி. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 5 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலாக உதைத்தால் இன்னும் 2. பந்தை அழுத்திய இடத்துக்கு நேரேதான் அந்த உதையை எடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டியவன் பிறகும் நடுவை நோக்கி வளைந்து ஓடுவது அதற்காகத்தான். தண்ட உதையாலோ, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிட்டு எழும்பும்போது உதைக்கும் 'டிரொப் கோல்' மூலமோ அதே கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3.

இது சண்டை விளையாட்டு என்று நம் ஊர் அம்மாமார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அடி படும்தான். ஆனால் தோளுக்கு மேலே பிடிப்பது, கையால் அணைக்காமல் மோதுவது, பந்தில்லாதவனை விழுத்துவது எல்லாம் குற்றம். கழுத்தையும் தலையையும் காப்பாற்றும் விதிகளை முதலில் சொல்லிக் கொடுக்காமல் எந்தப் பிள்ளையையும் இறக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவன்.

சரி, எதைப் பார்ப்பது? கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிரட்பி கேடயப் போட்டியைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டம் என்பதால் வேகம் கண்ணுக்குப் பிடிபடும். ஒரு பத்து நிமிடமாவது பந்தை மறந்து, பின்னால் வருகிறவர்களை மட்டும் கவனியுங்கள்.

எங்கள் வாசிகசாலை வளவில் ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்கு இதைத்தான் பழக்குகிறேன். சரிவாக வரிசையில் ஓடவிட்டு, இடுப்பைத் திருப்பிப் பின்னால் கொடுக்கச் சொல்வேன். முதல் நாள் எல்லோரும் பழக்கதோசத்தில் முன்னால்தான் எறிந்தார்கள். கிளித்தட்டில் மறிக்கிறவனை ஏமாற்றி நெளிந்து ஓடும் கால் மட்டும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. போன கிழமை பந்து நாலு கை மாறிக் கடைசியில் வந்த சின்னவனிடம் சேர்ந்தது. அவன் பனையடிக் கோட்டைத் தாண்டி, இரண்டு கையாலும் பந்தை மணலில் அழுத்திவிட்டு, எழும்பாமல் அப்படியே கிடந்து சிரித்தான்.