செவலைக்கும் செவலைக்கும் கறுப்புக் குட்டி பிறக்குமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் சிப்பிப்பாறை பொட்டை செவலை, சேர்த்த கடுவனும் செவலை. ஆறு குட்டியில் ஒன்று மட்டும் கன்னி நாய் மாதிரி கறுப்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு. வேறு நாய் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். ஒரு பொட்டைக் குட்டியை நிறுத்தி, வளர்ந்ததும் தகப்பனோடேயே சேர்த்தால் ரத்தம் சுத்தமாக நிற்குமாமே, செய்யலாமா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, உங்கள் பொட்டையைச் சந்தேகப்பட வேண்டாம். குட்டிக்கு ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வரும். செவலை ஓங்கிய குணம், ஒன்று இருந்தாலே வெளியே தெரியும்; அந்தக் கறுப்பு பழுப்பு ஒடுங்கிய குணம், இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் தெரியும். தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு கறுப்பை மறைத்து வைத்திருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆறில் ஒன்று வந்தது கணக்குக்கு ஒத்துதான் போகிறது. பருவத்தில் இருக்கும்போது அவள் வெளியே ஓடியிருந்தால் மட்டும் யோசிக்கணும், ஏனென்றால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் இருக்க முடியும்.

தகப்பனோடு மகளா? கட்டாயம் வேண்டாம். நிறம் ஒளிந்திருந்த மாதிரியேதான் நோயும் ஒளிந்திருக்கும், மகளிடம் தகப்பனின் மரபணுவில் பாதி அப்படியே இருப்பதால் இருவரும் ஒரே குறையைக் குட்டிக்குக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது ஒரு ஜோடி மரபணு இரண்டும் ஒரே முன்னோரிடமிருந்தே வர வாய்ப்பு, 25 சதவீதம், கூடப்பிறந்தவர்களைச் சேர்த்தாலும் அதே 25தான். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் அளவுக்கு உறவு தள்ளினால் 6.25 ஆகக் குறைகிறது.

கடுவனைப் பார்க்கப் போகும்போது அவன் நெஞ்சையும் காலையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அவனோடு பிறந்தவை எப்படி, முந்தைய ஈத்துகளில் குறையுள்ள குட்டி உண்டா என்று கேளுங்கள். ஒடுங்கிய குணத்தால் வரும் குறை ஒரு குட்டிக்கு இருந்தால்கூட, பெற்றோர் இருவருமே அதைச் சுமக்கிறார்கள் என்று அர்த்தம், நன்றாக இருக்கும் மற்ற குட்டிகளிலும் மூன்றில் இரண்டுக்கு அது மறைந்திருக்க வாய்ப்புண்டு.

வெள்ளை ராஜபாளையம் சேர்ப்பவர்கள் காதையும் பார்க்கணும். காதின் உட்புறத்தில் நிறமி செல் இல்லாமல் போனால் செவிடாகிவிடும். ஒரு வீட்டில் தட்டைத் தட்டினோம், எல்லாக் குட்டியும் எழுந்தது, சரி என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒவ்வொன்றாகத் தனியே தூங்கவிட்டுத் தட்டினால் ஒன்று அசையவே இல்லை! முன்பு மற்றவை இடித்ததால்தான் எழுந்திருக்கிறது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படியும் கண்டுபிடிக்க முடியாது, கருவி வைத்துத்தான் பார்க்கணும்.

சேர்ப்பதற்கு முன் இரண்டையும் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிவிடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, செத்துப் பிறந்த குட்டியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.