ஏஜென்சி மாறினால் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: அரசாங்க வேலைவாய்ப்புப் பதிவெல்லாம் இனிமேல் தனியார் ஏஜென்சி மூலம்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எங்கள் பக்கம் வீடு வீடாக வருகிறார். பதிவுக்கு 15,000 ரூபா கேட்கிறார். கொரியா கோட்டாவும் தன் கையில் இருக்கிறதாம். மகன் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கட்டலாமா? (கிண்ணியா)

பதில்: கட்ட வேண்டாம். ஒரு ரூபாவும் வேண்டாம்.

அந்த ஆள் மூன்று வேறு வேறு விசயங்களை ஒன்றாகக் கலந்து பேசுகிறார். உள்நாட்டில் வேலை தேடுபவர்களைப் பதிவது மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. அதன் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலேயே இருக்கிறார்கள். மகனை அடையாள அட்டையோடும் பரீட்சைப் பெறுபேற்றோடும் கிண்ணியா பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள். பதிவு இலவசம். எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்ற ஆலோசனையும் அங்கேயே கிடைக்கும். அந்த உத்தியோகத்தருக்குச் சம்பளம் போவது நீங்கள் கடையில் சீனி வாங்கும்போது கட்டும் வரியிலிருந்துதான். அதே சேவைக்கு வாசலில் வைத்து இன்னொரு தடவை எதற்குக் கட்டுவது?

இரண்டாவது, வெளிநாட்டு வேலை. இங்கே தனியார் ஏஜென்சிகள் இருப்பது சட்டப்படி சரிதான். ஆனால் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஆள் சேர்க்க முடியாது. அந்தப் பத்திரத்தைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். அதனால் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டும் பழைய பிரதியை நம்பாதீர்கள். கொழும்பில் இருக்கும் கொம்பனிக்கு அனுமதி இருக்கலாம். அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரும் ஆளுக்கு அது இல்லை. கொம்பனியோடு பேசுவதென்றால் அவருடைய விசிட்டிங் கார்டில் உள்ள இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். பணியகத்தின் இணையத்தளத்தில் அந்த ஏஜென்சியைத் தேடி, அங்கே உள்ள இலக்கத்துக்கு எடுங்கள்.

அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. எந்த நாடு, என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு சம்பளம் என்ற விபரத்தோடு அந்த வேலைக்கும் பணியகத்தின் ஒப்புதல் வேண்டும். அனுமதி பெற்ற ஏஜென்சிகூட, இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டிக் காசு வாங்கிய கதைகள் நம் மாவட்டத்திலும் உண்டு. இரண்டையும் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

மூன்றாவது, தென்கொரியாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்புவது. இது 2004இல் இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில் நடக்கிறது. இலங்கையில் அதைச் செய்வது பணியகம் மட்டுமே. எந்தத் தனியாருக்கும் கோட்டா கிடையாது. பிள்ளை கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், அப்புறம் பெயர் பட்டியலில் ஏறும், அதிலிருந்து ஆளைத் தெரிவுசெய்வது கொரிய முதலாளி. சித்தியடைந்தும் அழைப்பு வராமல் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தரகர் நுழைவது இந்த இடைவெளியில்தான்: “உன் பெயரை மேலே தூக்கி விடுகிறேன்” என்பார். அவரால் தூக்க முடியாது.

“இப்போது எல்லாம் மாறிவிட்டது” என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் சனம் நம்புகிறது. முன்பு தொழிலும் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் ஒரே அமைச்சில் இருந்தன. 2024 நவம்பரில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு, வெளிவிவகாரம், சுற்றுலா மூன்றும் ஒரே அமைச்சரிடம் போயின. கடிதத் தலைப்பு மாறியது. சட்டமும் பணியகமும் மாறவில்லை.

யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வங்கிச் சிலிப், வட்ஸ்அப் குரல்பதிவு, எது இருந்தாலும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பணியகத்திலும் பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். “முறைப்பாடு செய்தால் காசு திரும்ப வராது” என்று அந்த ஆளே பயமுறுத்துவார். பேசாமல் இருந்தால் அடுத்த தெருவிலும் வாங்குவார்.

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் என் கணவர் பல வருசமாகச் சமையல் வேலை. வெளிநாடு போகச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். ஒரு நிறுவனம் “அரச அங்கீகாரம்” என்று விளம்பரம் போட்டு 85,000 ரூபா கேட்கிறது. நம்பலாமா? (உப்புவெளி)

பதில்: “அரச அங்கீகாரம்” என்று மொட்டையாகச் சொன்னால் எந்த அங்கீகாரம் என்று திருப்பிக் கேளுங்கள். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது ஒன்று. அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று பெறுவது வேறொன்று. முதலாவது மட்டும் இருந்தால், முடிவில் கையில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ். தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., அல்ல. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். பொய் விளம்பரத்தை நம்பிக் காசு கட்டியவர்கள் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

ஆனால் உங்கள் கணவர் வகுப்புக்கே போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். செய்து பழகிய தொழிலுக்கு, இருக்கும் திறமையைப் பரிசோதித்து என்.வி.கியூ. கொடுக்கும் வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் கேளுங்கள். ஹோட்டல் கொடுக்கும் சேவைக் கடிதம், வேலை செய்யும் படங்கள் எல்லாவற்றையும் கோப்பாகச் சேர்க்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் சமைத்துக் காட்ட வேண்டும். சில ஆயிரங்கள் செலவாகலாம், 85,000 ஆகாது. சீசன் முடிந்து ஹோட்டல் ஓய்ந்திருக்கும் மாதங்களில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா மெல்பேர்னில் இருக்கிறார், காலில் ஊனம். அவருக்கு வேலை தேடிக் கொடுத்த நிறுவனம் மாறிவிட்டதாகக் கடிதம் வந்ததாம். புதிய இடத்தில் காசு கட்ட வேண்டுமோ, உதவிப்பணம் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார். (திருகோணமலை நகர்)

பதில்: கட்ட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய வேலைவாய்ப்புத் திட்டம் முடிந்து, 2025 நவம்பர் 1 முதல் ‘இன்க்ளூசிவ் எம்ப்ளாய்மென்ட் ஆஸ்திரேலியா’ நடக்கிறது. 2022 ஜூலையில் பொதுத் திட்டமும் இப்படித்தான் ‘வேர்க்ஃபோர்ஸ் ஆஸ்திரேலியா’ என்று மாறியது. இப்படி மாறும்போது சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தை இழக்கும், சில புதிதாக வரும். அவற்றுக்குக் காசு கொடுப்பது அரசாங்கம்.

உதவிப்பணத்தைக் கொடுப்பது சென்டர்லிங்க் என்ற அரசாங்க சேவை, அந்த நிறுவனம் அல்ல. ஆனாலும் புதிய நிறுவனம் கொடுக்கும் முதல் சந்திப்பை அண்ணா தவற விடக் கூடாது. காரணம் சொல்லாமல் போகாவிட்டால் பணத்தை இடைநிறுத்தக் கூடும். கால் வலியால் போக முடியாத நாளென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அந்த நிறுவனம் சரிவராவிட்டால் வேறொன்றுக்கு மாற்றித் தரும்படியும் கேட்கலாம். பழைய நிறுவனத்தில் கொடுத்த மருத்துவக் கடிதங்களின் பிரதிகளையும் முதல் நாளே கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.