முன்னுரை இல்லாமல் தொடங்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து கதையும் கவிதையுமாக எழுதித் தள்ளிய பெண், பத்தாம் வகுப்பில் மாவட்டக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள், இப்போது பிளஸ் டூவில் ஒரு பக்கம் எழுதுவதும் கிழித்துப் போடுவதுமாக இருக்கிறாள். இதழியல் படிப்பேன் என்றவள், "எனக்கு எழுத வராதும்மா, பி.காம். சேர்த்துடுங்க" என்கிறாள். ஆசை விட்டுப்போயிற்றா, திறமையே அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் காரணமாகப் படவில்லை. ஆசை போனவள் எழுத உட்காரவே மாட்டாள். கிழிப்பதற்கும் முதலில் எழுத வேண்டுமே.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். பரிசு வாங்கிய கட்டுரையைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். அடுத்தது எப்போது என்று அவள் சித்தப்பா இன்றைக்கும் கேட்கிறார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பெற்றவள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது? ஆனால் அன்றிலிருந்து அவள் தனியாக எழுதவில்லை. சித்தப்பா, தமிழாசிரியர், போட்டி நடுவர் என்று ஒரு கூட்டமே தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறது. எழுதும்முன்பே அவர்கள் முகம் அவள் கண்ணில் வந்துவிடுகிறது.

இதோடு பள்ளிக்கூடப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தலைப்புக்குக் கறுப்புப் பேனா, விடைக்கு நீலப் பேனா. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. நடுவில் ஒரு குறளாவது வந்தாக வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. பொதுத்தேர்வுக்கு இந்த ஒழுங்கு தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இதே பழக்கத்தோடு கதை எழுத உட்கார்ந்தால் கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். நல்ல முன்னுரை அமையட்டும் என்று காத்திருக்கிறாள். மூன்றாவது வரியில் ஓர் அடித்தல் விழுந்தால் தாளையே கிழிக்கிறாள். ஒருவர் தறியில் நெய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொருவர் இழையை உருவிக்கொண்டிருந்தால் சேலை எப்படி வளரும்? குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன். முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. வண்டி வண்டியாகப் படித்தவர்கள்கூட முதல் பத்தியிலேயே அரை மணி நேரம் உறைந்துபோகிறார்கள்.

அமெரிக்காவில் பீட்டர் எல்போ என்று ஓர் ஆசிரியர் இருந்தார். ஹார்வர்டில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தபோது கட்டுரைகளை எழுத முடியாமல் திணறி, படிப்பையே பாதியில் விட்டவர். தான் மாட்டிக்கொண்ட முடிச்சிலிருந்து வெளியே வர வழி தேடியவர், பிறகு அதையே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1973-ல் வந்த அவருடைய புத்தகத்தில் உள்ள பயிற்சி மிக எளிமையானது. பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுத வேண்டும். திரும்பிப் படிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் 'ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுதுவதை ஒரு வேளையிலும் திருத்துவதை இன்னொரு வேளையிலும் வைத்துக்கொள்வதுதான் இதன் சூட்சுமம்.

அவளுக்கு ஒரு நாற்பது பக்க ரஃப் நோட்டு வாங்கிக் கொடுங்கள். அழகான அட்டை போட்ட டைரி வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்தாலே அழகாக எழுதத் தோன்றும். போனில் பத்து நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு பென்சிலில் எழுதட்டும். பிளஸ் டூ வருடத்தில் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. முதல் ஒரு வாரம் புலம்பலாகத்தான் வரும். வரட்டும். அந்த நோட்டை நீங்கள் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. "இன்னைக்கு என்ன எழுதின?" என்றும் கேட்காதீர்கள். சித்தப்பாவிடமும் நீங்களே பேசிவிடுங்கள்.

அப்புறம், கடிதம். கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சிறுவயது நண்பர்கள். அழகிரிசாமி வெளியூர் போன பிறகு கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனிப் புத்தகமாகவே வந்தன. ஒரே ஓர் ஆளை மனதில் வைத்துப் பேசுவதுபோல எழுதும்போது வார்த்தைக்குப் பஞ்சம் வருவதில்லை. உங்கள் வீட்டிலும் ஊரில் ஒரு பாட்டியோ, வேறு பள்ளிக்கு மாறிப்போன தோழியோ இருப்பார்கள். அவர்களுக்கு எழுதட்டும். அனுப்புவதும் அனுப்பாததும் அவள் இஷ்டம்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். பத்திரிகை நிருபருக்குச் செய்தி எழுத மாலை ஆறு மணி கெடு என்றால் ஆறு மணிக்குக் கொடுத்துவிடுகிறார். அவருக்குத் தனியாக வரம் ஒன்றும் கிடையாது. பகல் முழுக்க அலைந்து, நாலு பேரிடம் பேசி, குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். 'கலாம் கண்ட கனவு' என்ற தலைப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குமே ஓடாது. நீங்கள் இருப்பது மதுரை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு நாள் விடிகாலையில் அவளை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போங்கள். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறுகிற நேரம் அது. இன்றைக்குக் கிலோ என்ன விலை, போன மாதம் என்ன, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி வந்தீர்கள், பறிக்கிற கூலி எவ்வளவு என்று அவளே கேட்கட்டும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று டீ குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் எழுதினாலும் சரி, தூங்கினாலும் சரி.

படிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. பி.காம். சேர்ந்தால் இதழியல் கதவு மூடிவிடாது. சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தின் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். கணக்கு வழக்கு தெரிந்த நிருபருக்கு வணிகச் செய்திப் பிரிவில் நல்ல மதிப்பும் உண்டு. ஆகவே அவள் கேட்டால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் "எழுத வராது" என்பதற்காகச் சேர்கிறாளா, கணக்குப்பதிவியல் பிடித்துச் சேர்கிறாளா என்பதை மட்டும் மே மாதம் பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள். இப்போது, பொதுத்தேர்வுக்கு முன்னால், வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். எழுத்து மட்டும் நின்றிருந்தால் நான் மேலே சொன்னது போதும். தூக்கம், சாப்பாடு, தோழிகளோடு பேச்சு எல்லாமே குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், அதற்கு ரஃப் நோட்டு மருந்தாகாது. தயங்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

பொங்கல் முடிந்ததும் அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள். நோட்டைக் காட்ட வேண்டியதில்லை. மார்க்கெட்டில் பூக்காரம்மா என்ன சொன்னார் என்று மட்டும் சொல்லட்டும், கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.