கேசட் கடைக்காரர் பதில்கள்: இரைச்சல் பாலத்து வயலின்

கேள்வி: இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. அப்பாவுக்கு ‘மச்சானைப் பாத்தீங்களா’ போட்ட ராஜா போதும். ‘இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை’ என்கிறார். தம்பியோ, ‘இது புரியலைன்னா உங்களுக்கு இசையே தெரியாது’ என்கிறான். நீங்கள் எந்தக் கட்சி?
– ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: அப்பா கட்சி என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கட்சிக்காக நான் ஒரு பாவமே செய்திருக்கிறேன்.

1986இல் கம்பத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்கள்தான் என் நிரந்தர வாடிக்கை. அந்த வருஷம் ராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ கேசட் வந்தது. அட்டையில் பெயரைப் பார்த்ததும் ஒரு டிரைவர் வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். “என்னண்ணே, பாட்டே வரல. பூரா வயலினா இழுத்துக்கிட்டு இருக்கு. பின்னாடி பொம்பளையாளுக சத்தம் போடுறாங்க.” வித்த கேசட்டைத் திருப்பி எடுக்க முடியாது என்றேன். “அப்ப இதுமேலயே பாட்டை ஏத்திக் குடுங்க.”

கம்பெனி கேசட்டில் மேல்பக்கம் காது, அதாவது ஓட்டையை மூடும் சின்ன பிளாஸ்டிக் துண்டு, இருக்காது. ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் அமுங்கிவிடும். ஒட்டினேன். வி.எஸ்.நரசிம்மன் உயிரைக் கொடுத்து வாசித்த வயலின்மேல், ராஜாவின் சினிமாப் பாட்டையே ஏற்றிக் கொடுத்தேன். ஏ பக்கத்தின் கடைசியில் நாலு நிமிஷம் மிச்சம் நின்றது. அந்த அளவுக்குப் பாட்டு அகப்படாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து அதே ஜீப்பில் குமுளிக்குப் போனேன். கம்பத்தில் போட்ட ஏ பக்கம் லோயர்கேம்ப் தாண்டியதும் பாட்டெல்லாம் தீர்ந்து, இரைச்சல் பாலம் பக்கத்தில் திடீரென்று வயலினாக மாறியது. தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. டிரைவர் கேசட்டைத் திருப்பிப் போடவில்லை. எனக்குப் பக்கத்தில் தூக்குவாளியை மடியில் வைத்திருந்த அம்மா, “இது வந்தா மேடு ஏற ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்” என்றார். ஒரு இடத்தில் வயலின் நின்று மறுபடி பாயும்; அது நிற்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே டிரைவர் விரல் ஸ்டியரிங்கில் தட்டியது. அவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று கதை விட மாட்டேன். எங்கே நிற்கும், எங்கே பாயும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவுக்கு வேண்டியதும் அந்த வளைவுகள் பழகுவதுதான் என்று நினைக்கிறேன். வார்த்தை இல்லாதது ஒரு குறை என்று அவர் சொல்லலாம். நம் மலைப்பக்கம் பாட்டு என்றாலே வார்த்தைதான். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். ஓட்டு கேட்கப் போனவர் வெறும் ஆர்மோனியத்தை வாசித்துவிட்டு வர முடியுமா? ஆனால் உங்கள் மாநிலத்திலேயே திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறை மேளம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் செண்டையும் கொம்பும் குழலும் தாளமும்தான். ஒரு வார்த்தை கிடையாது. மேளத்தின் காலம், அதாவது வேகம், மாறும்போது அத்தனை கூட்டமும் ஒன்றாகக் கையைத் தூக்குகிறது. சின்ன வயசிலிருந்து கேட்ட காது, வழி தெரியும்.

‘இந்த வயசுல’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2025 மார்ச் 8இல் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அந்த ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தபோது ராஜாவுக்கு 81 வயது, சரி. ஆனால் இது கிழவரின் புது ஆசை இல்லை. 2005இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு செய்தார். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை வைத்துப் பாட்டில்லாத ஒரு கேசட். அதெல்லாம் விடுங்கள். ‘அன்னக்கிளி’ வந்து இரண்டே வருஷத்தில், 1978இல், ‘சிட்டுக்குருவி’யில் ‘என் கண்மணி’ பாட்டு. ஆண் குரலும் பெண் குரலும் ஒரே நேரத்தில் வேறு வேறு வரியைப் பாடி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அந்தக்கால ஜெர்மன் இசைமேதை பாஹ் செய்த வேலைக்குச் சொந்தக்கார வேலை அது. நடுவில் பஸ் கண்டக்டர் குரல் வந்ததால் நாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்பா அதை நூறு தடவை முணுமுணுத்திருப்பார்.

தம்பிக்கு வருகிறேன். லண்டனுக்கு நான் போகவில்லை. அவரும் போயிருக்க மாட்டார். வண்டிப்பெரியாறுக்கும் கம்பத்துக்கும் முதலில் வந்து சேர்ந்தது பேப்பர் செய்தியும் துண்டு துண்டு வீடியோவும்தான். ஒழுங்காகக் கேட்காத ஒன்றுக்காக அப்பாவை ஞானசூனியம் என்பது நியாயமா? பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகனுக்கு உரிமை இருக்கிறது. காசு கொடுத்தவன் அவன். 1826இல் வியன்னாவில் பீத்தோவனின் ஒரு நால்வர் இசை முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, நடுப்பகுதிகளை ‘மறுபடியும்’ என்று கேட்ட ஜனம், கடைசியில் வந்த பெரிய ஃபியூகை, அதாவது ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்தி வாசிக்கும் பகுதியை, கேட்டு முழித்தது. பதிப்பாளர் வேறு முடிவு எழுதித் தரச் சொல்ல, யாருக்கும் வளையாத அந்த மனுஷர் எழுதிக் கொடுத்தார். ஃபியூக் தனியாக அச்சானது; இன்றைக்கு அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். அந்தப் பதிப்பாளர் நல்லவர். என்னைப் போல மேலேயே ஏற்றிவிடவில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். 1986 கேசட்டில் இருந்தது இன்றைக்கு போனிலேயே கிடைக்கிறது. சமையல் நேரத்தில், யாரிடமும் சொல்லாமல், நாலு நாள் ஒரே நேரத்தில் போட்டுவிடுங்கள். ஐந்தாம் நாள் போடாதீர்கள். அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

கேள்வி: கர்நாடக சங்கீதத்தில் இப்படிச் சோதனை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டா?
– ஒரு வாசகர், தேவாரம்

பதில்: பாலமுரளிகிருஷ்ணா. நாலே ஸ்வரத்தில் ராகம் என்றார். ராகத்துக்குக் குறைந்தது ஐந்து வேண்டாமா என்று ஒரு கூட்டம் கிளம்பியது, வீணை எஸ்.பாலசந்தர் பகிரங்கமாகவே மோதினார். அந்தச் சண்டை எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட ராகங்களில் ஒன்று மகதி. 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் எம்.எஸ்.வி. அதில் தொடங்கிய ‘அதிசய ராகம்’ பாட்டை என் கடையில் பதியச் சொல்லாத ஆளே இல்லை. ஸ்வரத்தை யாரும் எண்ணிப் பார்த்ததாக நினைவில்லை.

கேள்வி: வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கேசட். கம்ப்யூட்டரில் ஏற்றலாமா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: ஏற்றலாம். ஓடுகிற கேசட் டெக் ஒன்று வேண்டும். அதன் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், பதிய ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும். குமுளி ஈரத்தில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படி இருந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள், ஹெட் வீணாகும். சுத்தமாக இருந்தால் முழுசாக ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு அப்புறம் பதியுங்கள். கை தவறி ரெக்கார்ட் அமுங்கினால் போயிற்று. அதனால் காது ஓட்டையில் யாராவது செலோ டேப் ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பிய்த்துப் போடுங்கள். பக்கம் முடிந்த மாதிரி இருந்தாலும் உடனே நிறுத்திவிடாதீர்கள், டேப் நிற்கும்வரை ஓடட்டும்.