பி.பி. நம்பர்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் பொன்னம்மாபேட்டைக்காரி. 2012இல் திருமணமாகி டொராண்டோ வந்தேன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்கைப். தம்பி கணினியைத் திறந்து கொடுத்தால்தான் அம்மா முகத்தைப் பார்க்க முடியும். 2016 கடைசியில் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்த பிறகு தினமும் பேசுகிறோம். இங்கே காலை எட்டு மணி என்றால் அம்மாவுக்கு மாலை ஐந்தரை. குளிர்காலத்தில் ஆறரை. நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாக அவருக்குச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார். பதினோரு நாள் எனக்குத் தெரியாது. அந்தப் பதினோரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். போனை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஓசூரில் இருக்கும் தம்பியிடமும், எனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். உறவினர் வீட்டு வளைகாப்புப் படத்தை யாரோ குடும்பக் குழுவில் போட, அதில் ஓரமாக அம்மாவின் கட்டுப் போட்ட கை.

கேட்டால், "நீ அங்க தூங்காம கெடப்பே, எதுக்கு?" என்கிறார். நீங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் ஒரு கடிதத்துக்குப் பதினைந்து நாள் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் வீட்டைப் பற்றி யாருக்கு அதிகம் தெரிந்திருந்தது, உங்களுக்கா எனக்கா?

ம., டொராண்டோ

*

அன்புள்ள ம.,

முதலில் மணிக்கட்டு. கட்டு இருக்கும்போதே விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள், கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். அம்மா அதை ஒழுங்காகச் செய்கிறாரா என்று விசாரியுங்கள். என் அக்கா செய்யாமல் விட்டுவிட்டு, இன்றைக்கும் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க ஆள் தேடுகிறார்.

அம்மா மறைத்ததில் புதிதாக ஒன்றும் இல்லை. ஏரோகிராமில் மறைப்பது இன்னும் சுலபம். 1987 முதல் 1994 வரை நான் மஸ்கட்டில், ரூவியில் ஒரு கடையில் கணக்கெழுதினேன். வீட்டிலிருந்து வரும் வெளிர் நீலத்தாள் நலத்தில் ஆரம்பித்து நலத்திலேயே முடியும். நானும் சளைத்தவனில்லை. இரண்டு மாதம் சம்பளம் வராமல் நண்பனின் அறையில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டபோது, 'இங்கு எல்லாம் சௌகரியம்' என்று எழுதிப் போட்டேன்.

கேசட்டில்தான் மறைக்க முடியவில்லை. அப்போது வளைகுடாவில் இருந்த பலர் வீட்டாரின் குரலை அறுபது நிமிடக் கேசட்டில் பதியச் சொல்லி, ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் கையில் வாங்கிக்கொள்வோம். எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டை. அப்பா வெண்பட்டு நெய்தவர். முன்கட்டில் குழித்தறி. அம்மா கூடத்தில் உட்கார்ந்து பேசப் பேசப் பின்னால் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அத்தை பேசுவார், எதிர்வீட்டுப் பையன் திருக்குறள் சொல்வான், தயிர்க்காரி வந்து தானும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பாள். ஆடி மாதக் கேசட் என்றால் கோயில் ரேடியோ செட்டின் அலறலில் அம்மா குரல் பாதி முழுகிவிடும். சேலத்தில் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு யார் யார் என்ன சாமி வேஷம் கட்டினார்கள் என்பதற்கே பத்து நிமிடம் போகும். நைந்து நாடா சிக்கிக்கொள்ளும்வரை கேட்டிருக்கிறேன். ஆறுமூலைப் பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றிச் சரிசெய்துவிட்டு மறுபடியும் கேட்பேன்.

1991இல் வந்த ஒரு கேசட்டில் தறிச் சத்தம் இல்லை. அம்மா வழக்கம்போலத்தான் பேசினார். "அப்பா நல்லாருக்காரு, பாவு போட்டிருக்காரு" என்றுகூடச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் 'தடக்' என்று கேட்கவில்லை. மறுநாள் பி.பி. நம்பருக்குக் கூப்பிட்டேன்.

உங்கள் வயதுக்குப் பி.பி. நம்பர் தெரியுமோ என்னவோ. வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து வைப்போம். கல்யாணப் பத்திரிகையில்கூட எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சாகியிருக்கும். நாம் கூப்பிட்டு, இன்னார் வீட்டில் கொஞ்சம் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். எங்களுக்கு அந்த வீடு நான்கு வாசல் தள்ளி. எடுத்தது அந்த வீட்டுப் பாட்டி. அம்மாவைக் கூப்பிடச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "ஏண்டா, உங்கப்பன் நெஞ்சுல நீர் கோத்து ஆஸ்பத்திரியில கெடக்கறான், நீ இப்பத்தான் கூப்பிடறயா?" என்றார். அம்மா மூன்று மாதமாகக் கட்டிக் காத்ததைப் பாட்டி ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிகிற பதில் அந்தப் பாட்டிதான். அன்றைக்கு ஒரு சேதி என்னிடம் வந்து சேர்வதற்குள் தபால்காரர், பி.பி. வீடு, எஸ்.டி.டி. பூத்காரர், கேசட்டைக் கொண்டுவருகிற ஆள் என்று நாலு பேர் கையில் புரண்டுதான் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்குச் சம்பளம் எவ்வளவு என்று தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் அம்மா எதை மறைத்தாலும் அந்த நாலு பேரில் ஒருவர் வாயை விட்டுவிடுவார். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இப்போது யாருமே இல்லை. அவர் கையில் ஒரு போன், உங்கள் கையில் ஒரு போன். பதினோரு நாள் மறைக்க முடிந்ததில் என்ன ஆச்சரியம்? கடைசியில் உங்களுக்குக் காட்டிக்கொடுத்ததும் யாரோ ஒரு சொந்தக்காரர் எடுத்த படம்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய அழைப்புச் செயலிகள் பலவும் பேச்சுக்குரலை மட்டும் பொறுக்கியெடுத்து, மின்விசிறி, மிக்ஸி, தெருச் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிடுகின்றன. பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகச் செய்த நல்ல காரியம்தான். என் அப்பா இன்று தறியில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தத்தையும் குப்பை என்று வடிகட்டியிருக்கும்.

ஏற்காட்டைத் தாண்டி, நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மகள் சிங்கப்பூரில். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஒரு பாறைமேல் நின்றால்தான் இரண்டு கோடு வரும். அந்தப் பாறையில் எப்போதும் இன்னும் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் கத்திப் பேச, பக்கத்தில் நிற்பவர் "பாப்பா, உங்கப்பன் மாத்திரை சாப்பிடறதில்ல" என்று ஊடே புகுந்து சொல்லிவிடுவார். ஊருக்கு டவர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், மழைக்காலத்தில் அந்த வழியில் நடந்து பார்த்தவன் நான். மகள் மட்டும் அரைமனதாக இருக்கிறாள்.

பழைய காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1993இல் அப்பா போனபோது நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். டொராண்டோவிலிருந்து சேலம் வர இன்றைக்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. விமானம் ஏறும்வரை அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது சின்ன விஷயமா? அந்த வசதி இருந்திருந்தால் நான் கையிலிருந்த காசெல்லாம் கொடுத்திருப்பேன்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசாமல், போனைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலை செய்யட்டும். நீங்களும் இட்லிக்கு அரிசி கழுவுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால் பேச வேண்டாம். தோசை திருப்ப எந்தக் கை போகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் தெருவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அக்கம்பக்கத்தில் யார் எண்ணாவது உங்களிடம் இருக்கிறதா? பொன்னம்மாபேட்டை எனக்கு நடக்கிற தூரம்தான். எந்தத் தெரு என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். தெருமுனையில் ஒரு தட்டுவடை செட் கடை எப்படியும் இருக்கும். உங்கள் அம்மா அங்கே வாரம் ஒருமுறையாவது வாங்காமல் இருக்க மாட்டார். ஒரு செட் சாப்பிட்டுவிட்டு, கடைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவருக்குச் சம்மதமானால் நம்பர் வாங்கி அனுப்பட்டுமா?